கொலு வீட்டின் வைஃபை

சுவரில் கிறுக்குகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளத்தைச் சுற்றிப் போகும்போது படிக்கட்டுச் சுவரில் அம்பு துளைத்த இதயமும் பக்கத்தில் இரண்டு எழுத்தும் பார்த்தால், "கர்மம், கர்மம்" என்று தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் அந்தக் கிறுக்கனுக்காவது கொஞ்சம் கஷ்டம் உண்டு. வெயிலில் வந்து நிற்க வேண்டும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டும், கையில் கரி ஒட்டும். இப்போதைய கிறுக்கர்களுக்கு அதுவும் இல்லை. மெத்தையில் கால் நீட்டிப் படுத்தபடியே ஊர் முழுக்க அசிங்கம் பண்ணலாம். கச்சேரியை நேரலையில் போட்டால், பாடுகிற பெண் ஆலாபனை செய்துகொண்டிருக்கும்போதே கீழே அவள் புடவையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் வரிவரியாக ஓடுகிறது. மெட்ரோவில் உட்கார்ந்தால் அதே பெட்டியில் எங்கோ இருக்கிற ஒருவன், முகத்தைக் காட்டாமல் என் போனுக்குப் படம் அனுப்பப் பார்க்கிறான். மேப்பைத் திறந்தால் எவள் வீட்டு மேலேயோ ஒரு குறி நட்டுக் கெட்ட பெயர் எழுதி வைத்திருக்கிறான். த்தூ! இதெல்லாம் ஒரு பிழைப்பா?

இதையெல்லாம் ஊரார் வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிட்டுத்தான் இருந்தேன். பிறகு அது எங்கள் கட்டிடத்துக்கே வந்தது.

எங்கள் கட்டிடம் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மூன்று மாடி, பழைய கட்டுமானம். மூன்றாவது மாடியில் நானும் என் கணவரும். எனக்கு தி.நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. முதல் மாடியில், அப்பா விட்டுப்போன வீட்டில் என் தங்கையும் அவள் மகளும். தங்கைக்குக் கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை, விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். அதில்தான் வீடு ஓடுகிறது, மகள் பள்ளிக்கூடம் போகிறாள். யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறேன் என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. எனக்கும்தான்.

பழைய கட்டிடம் என்றேனே, சுவரெல்லாம் தடிமன். உள்ளே வந்தால் போனில் சிக்னல் செத்துவிடும். வகுப்பு முடியும்வரை அம்மாக்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாவம், சும்மா எத்தனை நேரம் உட்காருவார்கள் என்று தங்கை தன் வைஃபை பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். புதிதாக வருகிற ஒவ்வொரு அம்மாவும் போனைத் திறந்து, கட்டிடத்தில் இருக்கிற வைஃபை பெயர்களையெல்லாம் பார்த்து, அதில் தங்கையின் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். வினை அங்கேதான் வந்தது.

முதலில் சொன்னவர் எங்கள் வீட்டு ஏசியைப் பார்க்க வந்த மெக்கானிக். எந்தப் பாகம் போயிற்று என்று கடைக்குப் போட்டோ அனுப்ப வேண்டும், சிக்னல் இல்லை, வைஃபை கொடுங்கள் என்றார். போனில் வந்த வைஃபை பெயர்களைப் பார்த்தவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. 

"மேடம், தப்பா எடுத்துக்காத. இங்க இன்னா இப்டி ஒரு பேரு கீது? உங்க பில்டிங்ல எவனோ சரியில்ல மேடம்" என்று போனை என் பக்கம் திருப்பினார்.

யாரோ தன் வைஃபைக்கு வைத்த பெயர், ஆங்கில எழுத்தில் தமிழ். 'பாட்டு டீச்சர் நைட் ரேட் என்ன.'

எங்கள் கட்டிடத்தில் பாட்டு டீச்சர் ஒருத்திதான். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரை மறுபடி படித்தேன், ஏதோ துடைத்தால் போய்விடும் என்பதுபோல. சுவராக இருந்தால் வாளித் தண்ணீரும் துடைப்பமும் போதும். இது காற்றில் எழுதியது. எதைக் கொண்டு தேய்ப்பது?

அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை பெயர் மாறியது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கேவலம். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவன் எழுதினதே போதும். ஒருநாள் தங்கை மகள் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, "அம்மா, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டாள். தங்கை டேப்லெட்டைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். குழந்தை என்ன தப்புப் பண்ணினோம் என்று தெரியாமல் ஓவென்று அழுதது.

அம்மாக்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு குழந்தைக்குக் கணக்கு டியூஷன் நேரம் மாறிவிட்டது. ஒன்றுக்குத் தொண்டை சரியில்லை. இன்னொன்றுக்குத் திடீரென்று நீச்சலில் ஆர்வம் வந்துவிட்டது. அம்மாக்கள் சிரித்துக்கொண்டே வந்து, தங்கை கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி டீச்சர் கிடைக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாடிப்படி காலியாகிக்கொண்டே வந்தது. எழுதினவன் ஒரு பொறுக்கி. சரி. அதைப் படித்துவிட்டு, அப்படியும் இருக்குமோ என்று மனசுக்குள் ஒரு மூலையில் போட்டு வைத்துக்கொள்கிற இந்த நல்ல மனுஷிகளை என்ன சொல்வது?

போலீஸுக்குப் போகலாம் என்றேன். குழந்தையின் பள்ளிக்கூடம்வரை பேச்சுப் போகும், வேண்டாம் என்றுவிட்டாள் தங்கை. பெங்களூரில் இருக்கிற எங்கள் அண்ணா, "இங்கே வந்துடு, ஒரு ரூம் இருக்கு" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணியின் குரல் அந்தப் பேச்சில் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஒரு அறையில் போய் ஒண்டினால் தங்கையின் நிலைமை என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"விஜயதசமி வரைக்கும் பாக்கறேன் அக்கா. அன்னிக்கு ஒரு குழந்தையாவது புதுசா சேந்தா இருக்கேன். இல்லேன்னா கிளம்பிடறேன்" என்றாள்.

விஜயதசமியன்று குழந்தையைப் பாட்டில் சேர்க்காத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. வழக்கமாக அன்று தங்கை வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. ஆனாலும் அவள் சாமான் ஏற்றும் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைக்கச் சொன்னாள். நான் பேசினேன்.

இதற்கிடையில் எங்கள் கட்டிடச் சங்கச் செயலாளர் துப்பறிந்துவிட்டார். ரிடையர்டு இன்ஜினியர், கட்டிடத்தில் குழாய் ஒழுகினாலும் கூட்டம் போடுகிறவர். எங்கள் எதிர் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள், ஐ.டி. வேலை. "பிரம்மச்சாரிப் பசங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்சவா. வேற யார் பண்ணுவா?" என்றார். அத்தோடு விசாரணை முடிந்தது. காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். போகிற அன்று அதில் ஒருவன் என் வாசலில் வந்து நின்று, "நாங்க இல்லக்கா. எங்க வீட்லயும் பொம்பளப் பிள்ளைய இருக்கு" என்றான். அவர்கள் வண்டி தெருமுனை தாண்டிப் போயிற்று. நான் போனைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெயர் அப்படியே நின்றது. செயலாளரிடம் காட்டினேன். "போறச்சே வைஃபை டப்பாவை எங்கேயோ ஒளிச்சு வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றார் மனுஷர். இந்த மூளையை வைத்துக்கொண்டு இவர் எந்தப் பாலத்தைக் கட்டினாரோ, நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

என் கணவர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார். "பேருக்குப் பக்கத்துல சிக்னல் கோடு இருக்கு பாரு. எந்த ஆத்துக்குள்ளே போனா கோடு முழுசாறதோ, அந்த ஆத்துலதான் டப்பா இருக்கு." படிக்கட்டில் எங்கே நின்றாலும் இரண்டு கோடு, மூன்று கோடு என்று ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் ஒருத்தர் வீட்டுக்குள் போனைப் பிடித்துக்கொண்டு மூலைமூலையாக எப்படி நடப்பது?

நவராத்திரி வந்தது.

கொலு என்றால் கட்டிடத்தில் எல்லாக் கதவும் திறக்கும். வெற்றிலை பாக்கு வாங்க வாருங்கள் என்று எல்லோரும் எல்லோரையும் அழைக்கத்தான் வேண்டும், கோபதாபம் இருந்தாலும். உள்ளே போய்ப் படியைப் பார்த்துப் பாராட்டி, போட்டோ எடுக்கிறேன் என்று போனைத் தூக்கினால் ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஒரு கையில் சுண்டலும் இன்னொரு கையில் போனுமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். செயலாளர் வீட்டில் இரண்டு கோடு. டாக்டர் வீட்டில் ஒன்று. "என்னடி, இந்த வருஷம் எல்லார் கொலுவையும் இப்படிப் போட்டோ புடிக்கறே?" என்று கேட்டவர்களிடம், ஆபீஸில் காட்டப்போகிறேன் என்று புளுகினேன்.

இரண்டாவது மாடியில் கோடி வீடு ஒரு மாமியுடையது. மாமாவுக்குக் காது மந்தம், நாள் முழுக்க டி.வி.யில் எங்காவது ஒரு கோயில் அபிஷேகத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே பிள்ளை அமெரிக்காவில். பல வருஷம் முன்னால் அந்தப் பிள்ளை என் தங்கையைப் பெண் பார்க்க வந்தான். தனியாகப் பேசச் சொன்னபோது, கல்யாணத்துக்கு அப்புறம் மேடையேறிப் பாடுவதெல்லாம் கிடையாது என்றானாம். அப்படியானால் கல்யாணமும் கிடையாது என்று இவள் அங்கேயே சொல்லிவிட்டாள். பிறகு அவனுக்கு வேறு இடத்தில் ஆகி, அதுவும் கோர்ட்டில் முடிந்தது. மாமி அந்தப் பழசை மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மோர்க்குழம்பு வைத்தால் தங்கைக்கு ஒரு கிண்ணம் வரும். "பாவம்டி உன் தங்கை, தனியா கஷ்டப்படறா" என்று என்னிடம் உருகுவார்.

அந்த வீட்டுக் கூடத்தில் கால் வைத்தேன். கோடு முழுசாகிவிட்டது.

நம்பவில்லை. டி.வி. அலமாரிப் பக்கம் நகர்ந்தேன். அங்கே டப்பா பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "மாமி, புழுங்கறது, ஃபேன் ஸ்விட்ச் இதுவா?" என்று கேட்டுக்கொண்டே அதன் ஸ்விட்சை அணைத்தேன். என் போனில் அந்தப் பெயர் மறைந்தது. 

"அடியே! அபிஷேகம் நின்னுடுத்து!" என்று மாமா அலறினார். 

"ஐயோ, தப்பா அமுக்கிட்டேன் மாமா" என்று மறுபடி போட்டேன். சுண்டலை மென்றுகொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அபிஷேகமும் வந்தது, அந்தப் பெயரும் வந்தது.

"மாமி, உங்காத்து வைஃபையெல்லாம் யார் பாத்துக்கறா?"

"எனக்கென்னடி தெரியும்? எல்லாம் அவன்தான் அங்கேர்ந்தே பண்றான். போன்ல ஏதோ வெச்சிருக்கான். டப்பா நின்னுபோனா, அவன் அங்கே தட்டினா இங்கே எரியறது. நீ எதையும் தொடாதேம்மான்னுட்டான்" என்றார், முகமெல்லாம் பெருமையாக. எங்கள் பேட்டையில் பாதி வீடுகள் இப்படித்தான். பிள்ளைகள் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அப்பா அம்மாவின் கேமராவையும் கதவையும் வைஃபையையும் விரலால் ஆட்டுவார்கள். அதையே பாசம் என்று சொல்லிக்கொள்வோம்.

மறுநாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில் மாமியிடம் போய்ப் போனைக் காட்டினேன். அம்மா ஆயிற்றே, துடித்துப்போவார் என்று பயந்து, தண்ணீர்கூட எடுத்து வைத்துக்கொண்டேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். துடிக்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போன மாசமே சொன்னேன் அவன்கிட்டே, மாத்துடா, நன்னா இல்லேன்னு. கேக்கமாட்டேங்கறான்."

"போன மாசமேவா? தெரியுமா உங்களுக்கு?"

"கத்தாதேடி. தை மாசம் வரான். இன்னொரு இடம் பாத்திண்டிருக்கோம். வெளில தெரிஞ்சா யார் பொண்ணு குடுப்பா? நீ யார்கிட்டேயும் மூச்சு விடாதே, நான் மாத்தச் சொல்றேன்." முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு உன் தங்கை சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் இப்படி நிப்பாளா, சொல்லு?"

எத்தனை கிண்ணம் மோர்க்குழம்பு! அத்தனையும் தெரிந்துகொண்டே கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறாள் இந்தப் பொம்பளை. பதில் பேசினால் கை நீண்டுவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பில் இருந்த பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று பார்த்தேன். "மாமியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. காலையில் பெயர் மாறியிருந்தது. மாமி பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார், வாஸ்தவம்தான். ஆடித் தள்ளுபடி மாதிரி, தங்கையோடு அக்கா இலவசம் என்று எழுதியிருந்தான். நடுவில் இரண்டு கெட்ட வார்த்தை.

சாயங்காலம் தங்கை அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, "வா அக்கா, மாமி ஆத்துல வெத்தலை பாக்கு வாங்கிண்டு வரலாம்" என்றாள். மகளை என் கணவரிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் இறங்கினோம்.

கூடம் நிறையப் பெண்கள். செயலாளர் மனைவி, டாக்டர் வீட்டு அம்மா, குழந்தைகளை வகுப்பிலிருந்து நிறுத்திய அம்மாக்களில் நாலைந்து பேர். கொலுவுக்கு முன்னால் மனையில் புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. எங்களைப் பார்த்ததும் மாமி முகம் வெளுத்தது, உடனே சரியும் ஆயிற்று. கொலுவுக்கு வந்தவளைப் பாடச் சொல்லாமல் இருக்க முடியுமா? அதுவும் பாட்டு டீச்சரை? எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வாம்மா, உக்காரு. அம்பாள் பேர்ல ஒண்ணு பாடேன்" என்றார் மாமி.

தங்கை சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். போனை எடுத்தாள். சாகித்தியம் பார்த்துப் பாடப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அந்தப் பெயரைப் படித்தாள். நான் எழுதாமல் விட்ட இரண்டு வார்த்தையையும் விடாமல், அட்சரம் அட்சரமாக, மேடையில் பாடுகிற அதே திறந்த குரலில். அதற்கு முன்னால் வந்த பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் மனப்பாடமாக இருந்தது அவளுக்கு. மாமாவுக்குக்கூடக் கேட்டது, டி.வி.யிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் இந்த ஆத்து வைஃபையோட பேர். மாமி பிள்ளை அங்கேர்ந்து எழுதறது. உங்க எல்லார் போன்லயும் இப்போ முழுக் கோடு காட்டும், எடுத்துப் பாருங்கோ" என்றாள்.

ஒருத்தி எடுத்தாள். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். தங்கை எழுந்து, குங்குமம் தானே எடுத்து இட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டிலிருந்து ஒரு பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன், பைத்தியக்காரி நான்.

ராத்திரிக்குள் கட்டிடத்து வாட்ஸ்ஆப் குழுவில் செயலாளர் எழுதிவிட்டார், பூஜை நடக்கும் இல்லங்களில் அனைவரும் நாகரிகமான வார்த்தைகளையே பயன்படுத்தவும் என்று. கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். படிக்கட்டில் டாக்டர் வீட்டு அம்மா என்னிடமே சொன்னாள்: "அவன் பண்ணினது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா சரஸ்வதி பூஜையன்னிக்கு எதையுமே படிக்கப்படாது இல்லையோ? போயும் போயும் இதையா படிக்கணும்?" ஒரு பொம்பளை வாயிலேர்ந்து அந்த வார்த்தை வரலாமா என்பதுதான் அன்றைக்கு முழுக்கப் பேச்சு. எழுதினவன் கை சுத்தமாகிவிட்டது, படித்தவள் வாய் நாறிப்போயிற்று. சீ, என்ன ஜனங்கள்!

விஜயதசமி காலை தங்கை விளக்கேற்றினாள். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, பாயை விரித்து உட்கார்ந்தாள். கற்கண்டு, பழம், எல்லாம் தட்டில். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. ஒரு குழந்தையும் வரவில்லை. பழைய குழந்தைகள்கூட வரவில்லை. உச்சி வெயில் வந்ததும் நான் சுருதிப் பெட்டியை நிறுத்தினேன்.

அப்போதுதான் மாமி இறங்கி வந்தார். தலை கலைந்து, கண் வீங்கி, வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். மேலேயும் கீழேயும் கதவுகள் மெல்லத் திறக்கிற சத்தம் கேட்டது.

"திருப்திதானேடி உனக்கு? தை மாசம் நாலு ஆத்துல பொண்ணு பாக்க வரதாச் சொல்லியிருந்தோம். இனிமே எவ குடுப்பா அவனுக்கு?"

தங்கை பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அந்த நாலு ஆத்து அட்ரஸையும் குடுங்கோ மாமி. அங்கே பொண்ணைப் பாடச் சொல்லுவேளோன்னோ? அதுக்கு முன்னாடி நான் வந்து பாடறேன்."

மாமி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறிப் போனார். திறந்த கதவுகள் எல்லாம் சாத்திக்கொண்டன. தங்கை தட்டிலிருந்து ஒரு பழத்தை உரித்து மகளிடம் நீட்டினாள்.

"அந்த வண்டிக்காரர்கிட்டே வேண்டாம்னு சொல்லிடு அக்கா" என்றாள். "தை முடியற வரைக்கும் நான் இங்கேதான் இருக்கப்போறேன்."